சூரிய நமஸ்காரமும் எங்கள் ட்றில் மாஸ்டரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜூன் மாதம் 21 ஆம் திகதி, கொழும்பில் நடந்த சர்வதேச யோகா தின நிகழ்வொன்றுக்குப் போயிருந்தேன். செய்தி எழுதும் கடமை எதுவும் இருக்கவில்லை. நண்பர் ஒருவர் அழைத்தார். முன்வரிசையில் இடமும் பிடித்து வைத்திருந்தார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசெம்பரில் எடுத்த தீர்மானத்தின்படி 2015 இலிருந்து உலகெங்கும் கொண்டாடப்படும் நாள் அது. மேடையில் பேசியவர், சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளும் ஐயாயிரம் ஆண்டுகளாக ஓர் அசைவுகூட மாறாமல் ரிஷிகளிடமிருந்து எமக்கு வந்து சேர்ந்தவை என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பாடசாலை ட்றில் மாஸ்டரின் முகம் நினைவுக்கு வந்தது; கை தானாக நின்றுவிட்டது.

எனக்குச் சூரிய நமஸ்காரம் சொல்லித்தந்தவர் அவர்தான். 1982 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பு. வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் விசில், வெயிலில் கறுத்த கழுத்து. முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார்: "தம்பிமார், இதை எனக்குப் படிப்பிச்சது சாமியார் இல்லை. சைதாப்பேட்டையில அமெரிக்கன் ஒருத்தன் துவக்கின கல்லூரி." நாங்கள் சிரித்தோம். மாஸ்டர் பகிடி விடுகிறார் என்று நினைத்தோம்.

அவர் பகிடி விடவில்லை என்பது எனக்கு விளங்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன.

உடற்கல்விக்கு எங்கள் பாடசாலைகளில் இருந்த மதிப்பை இலங்கை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கணித ஆசிரியர் பாடத்திட்டத்தை முடிப்பதற்குக் கடன் கேட்கும் பாடவேளை அது. மழை பெய்தால் இல்லை, பரீட்சை வந்தால் இல்லை. விஞ்ஞானம் படிப்பித்தவர்கள் எல்லோரும் எங்களுக்கு 'சேர்'. இவர் மட்டும் 'மாஸ்டர்'. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய மூன்று வாரங்களில் மாத்திரம் அதிபருக்கு அவருடைய பெயர் ஞாபகம் வரும். பின்னர் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக வரலாறு படித்தபோதும் நிலைமை மாறவில்லை. போர்கள், உடன்படிக்கைகள், நிலவரி, சாதி, சமயம் எல்லாவற்றுக்கும் வரலாறு இருந்தது. மனிதர்கள் கையை எப்படி நீட்டினார்கள், எப்படி வரிசையில் நின்றார்கள், எதற்காக ஓடினார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டென்று எவரும் சொல்லவில்லை.

அந்தத் துறை அப்போது உலகத்திலேயே இளையதுதான். திரினிடாட்டைச் சேர்ந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் துடுப்பாட்டத்தின் ஊடாகக் குடியேற்ற ஆட்சியை விளக்கிய தமது நூலை 1963 இல் வெளியிட்டார். ஆனால் அவர் பல்கலைக்கழகத்து ஆள் அல்ல. எங்களைப் போல் பத்திரிகைக்காரர். கல்விசார் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதன் பின்னரே வந்தார்கள். ஜோன் றொசெல்லி 1980 இல் வங்காளத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வங்காளிகள் மெலிந்த, வீரமற்ற மக்கள் என்று மெக்கோலே போன்றவர்கள் எழுதிவைத்ததை வங்காளத்துப் படித்தவர்கள் தாங்களே நம்பத் தொடங்கினார்கள். அந்த அவமானத்தைத் துடைக்க உடற்பயிற்சிக்கூடங்களைத் திறந்தார்கள். 1902 இல் தோன்றிய அனுசீலன் சமிதி வெளிப்பார்வைக்கு உடற்பயிற்சிக் கழகம். உள்ளே புரட்சி இயக்கம். தண்டால் எடுப்பவனைப் பொலிஸ் பின்தொடர்ந்த காலம் அது.

1981 இல் ஜே.ஏ. மங்கன் இங்கிலாந்தின் உயர்குடிப் பாடசாலைகளில் விளையாட்டு எவ்வாறு ஒரு மதம்போல் ஆனது என்று ஆராய்ந்தார். ஜோசப் ஓல்ரர் என்ற மானிடவியலாளர் காசியின் மல்யுத்தக்கூடங்களில் தாமும் மண்ணில் இறங்கிப் பயின்று, 1992 இல் பயில்வான்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பேராசிரியர் ஒருவர் கோவணம் கட்டிக்கொண்டு எழுதிய ஆய்வு என்று கொழும்பில் ஒரு நண்பர் எனக்கு அதை அறிமுகப்படுத்தினார். கேலியாகத்தான் சொன்னார். வாசித்த பிறகு எனக்குக் கேலி வரவில்லை.

இந்த ஆய்வுகளை வாசிக்க வாசிக்க, எட்டாம் வகுப்பில் நாங்கள் மைதானத்தில் செய்தவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரும் ஓர் ஆண்டும் கிடைத்தன. கைகளை முன்னே நீட்டி, பக்கமாக விரித்து, மேலே தூக்கி, எண்ணிக்கைக்கு இறக்குவோமே, அது சுவீடனில் இருந்து வந்தது. பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813 இல் ஸ்ரொக்ஹோம் நகரில் அரச ஆதரவுடன் ஒரு தேகப்பயிற்சி நிறுவகத்தைத் தொடங்கினார். சுவீடன் ரஷ்யாவிடம் பின்லாந்தைப் பறிகொடுத்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குச் சற்று முன்னர், 1811 இல், நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யாவில் பிரீட்றிக் லூட்விக் யான் பெர்லினுக்கு வெளியே இளைஞர்களைத் திரட்டிக் கம்பங்களிலும் சட்டங்களிலும் ஏற்றினார். அந்த இளைஞர்களைக் கண்டு அவர்களுடைய சொந்த அரசே பயந்தது. 1820 அளவில் அந்தப் பயிற்சி தடைசெய்யப்பட்டது. தடை நீங்க 1842 வரை செல்லவேண்டியிருந்தது.

தோல்வியின் பின்னர்தான் அரசுகளுக்குப் பிள்ளைகளின் தோளும் நெஞ்சும் ஞாபகம் வருகின்றன. இது என்னுடைய கருத்து. ஆனால் சான்றுகள் குறைவில்லை. தென்னாபிரிக்காவில் போயர்களுடன் மோதிய பிரித்தானியா, படையில் சேரவந்த நகரத்து ஏழை இளைஞர்களிற் பலர் உடல் தகுதியற்றவர்கள் என்று கண்டு திடுக்கிட்டது. 1904 இல் ஓர் உயர்மட்டக் குழு அது பற்றி அறிக்கை கொடுத்தது. 1909 இல் இங்கிலாந்தின் பாடசாலைகளுக்கு வெளியான உடற்பயிற்சிப் பாடத்திட்டம் லிங்கின் முறையைத் தழுவியது. ஆங்கிலக் கல்வி போன இடமெல்லாம் அதுவும் போனது. சுவீடனின் பனிக்குள் தோன்றிய அசைவுகளை யாழ்ப்பாணத்து வெயிலில் நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

மற்றைய வழி அமெரிக்காவிலிருந்து வந்தது. மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்ஃபீல்டில் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான வை.எம்.சி.ஏ. தனது உடற்கல்விப் பணியாளர்களைப் பயிற்றுவித்தது. அங்கே 1891 டிசெம்பரில், பனிக்காலத்தில் மாணவர்களை மண்டபத்துக்குள் வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்தார். 1895 இல் அருகிலிருந்த ஹோலியோக் நகரின் வை.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கன், வயதில் மூத்தவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் கடினமாக இருக்கிறதென்று வலையைக் குறுக்கே கட்டிக் கரப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அந்த விளையாட்டு 1916 இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பணிப்பாளராக இருந்த றொபேட் வோல்ரர் கமக் மூலம் இலங்கைக்கு வந்தது. 1991 இல் அதுவே இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. களைத்துப்போன அமெரிக்க வியாபாரிகளுக்காக உண்டாக்கிய விளையாட்டு எங்கள் தேசிய விளையாட்டு! இதிலே வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை. வடக்கில் எந்தக் கிராமத்து வாசிகசாலைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாலும் இரண்டு கம்பமும் ஒரு வலையும் நிற்கும். அது அந்நியர் கொண்டுவந்த விளையாட்டென்று அங்கே ஆடும் பையனிடம் சொல்லிப் பாருங்கள்.

அதே ஸ்பிறிங்ஃபீல்டில் படித்தவர்தான் ஹரி குரோ பக். எங்கள் மாஸ்டர் குறிப்பிட்ட அமெரிக்கர். 1920 இல் சென்னையில் அவர் தொடங்கிய உடற்கல்விப் பயிற்சிப் பாடசாலை, ஆசியாவிலேயே அத்துறையின் முன்னோடி நிறுவனங்களில் ஒன்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. 1943 இல் மறைந்தார். மாஸ்டர் சைதாப்பேட்டைக்குப் போனது 1950களின் நடுப்பகுதியில். பக்கை அவர் கண்டதில்லை. ஆனால் பக்கைப் பற்றிப் பேசும்போது கண்டவர்போலத்தான் பேசுவார். அந்தக் கல்லூரியில் மேலைத்தேய விளையாட்டுகளோடு தண்டால், பஸ்கி, சடுகுடு, ஆசனங்கள் ஆகியவற்றையும் ஒரே பாடத்திட்டத்தில் சேர்த்துப் படிப்பித்தார்கள் என்று அவர் சொல்லுவார். காலையில் சுவீடன், மத்தியானம் இந்தியா, பின்னேரம் அமெரிக்கா!

இனிச் சூரிய நமஸ்காரத்துக்கு வருகிறேன். சூரியனை வணங்குவது பழையது. அதில் எவருக்கும் ஐயமில்லை. அதைத் தொடர் உடற்பயிற்சியாக்கி, எண்ணிக்கை வைத்து, பாடசாலைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் செய்விப்பது வேறு விடயம். இந்த இரண்டாவதற்குப் பெரிதும் பொறுப்பானவர் இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் என்ற சிறு சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி. சமஸ்தானத்தின் பாடசாலைகளில் அதைப் புகுத்தினார். 1938 இல் லண்டனில் அவருடைய நூல் ஆங்கிலத்தில் வெளியானது. இந்த அரசர் அதற்கு முன்னர் பல வருடங்களாகப் பயின்றது என்ன தெரியுமா? யூஜின் சாண்டோவின் தேகப்பயிற்சி முறை.

சாண்டோவைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரஷ்யாவில் 1867 இல் பிறந்து, லண்டனில் புகழ்பெற்று, 1904–1905 காலத்தில் இந்தியாவுக்கும் வந்து உடலைக் காட்டிப்போன அந்த மனிதருடைய பெயர் தமிழில் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கும் அது முன்னொட்டு. கை இல்லாத பனியனுக்கும் அதுதான் பெயர்.

மைசூரில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933 இல் ஜகன்மோகன் அரண்மனையில் ரி. கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தத் தொடங்கினார். பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிசும் அவருடைய மாணவர்கள். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யோகா என்று விற்பனையாவதன் பெரும்பகுதி அந்த ஓர் அரண்மனை மண்டபத்துக்குக் கடன்பட்டது. அந்நாளைய மைசூரில் சூரிய நமஸ்காரம் யோக வகுப்புக்குப் புறம்பான ஒரு தேகப்பயிற்சியாகவும் கற்பிக்கப்பட்டது. நோர்மன் ஸ்ஜோமன் 1996 இல் அந்த அரண்மனையின் யோக மரபைப் பற்றி எழுதினார். 2010 இல் மார்க் சிங்கிள்ரன் வெளியிட்ட நூல் புயலைக் கிளப்பியது. இன்று நாம் காணும், நின்றும் குனிந்தும் தொடர்ச்சியாகச் செய்யும் ஆசனப் பயிற்சி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியத் தேகப்பயிற்சியும் இந்திய மரபும் ஒன்றோடொன்று கலந்து உருவானது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இதை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட முதல் உணர்ச்சி மகிழ்ச்சி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாஸ்டர் சொன்னது சரி! ஐயாயிரம் ஆண்டுக்காரர்களை மடக்க ஓர் ஆயுதம் கிடைத்துவிட்டது என்ற அற்ப சந்தோஷமும் அதிலே இருந்தது. பத்திரிகைக்காரனின் வழக்கமான வியாதி இது. ஒரு பழைய நம்பிக்கை உடைந்தால் அதைத் தலைப்பாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

ஆனால் ஆய்வு அங்கே நின்றுவிடவில்லை. ஜேசன் பேர்ச் போன்றவர்கள் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் படித்தார்கள். பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் 'ஹடாப்யாஸபத்ததி' என்ற சமஸ்கிருத நூலில் 112 ஆசனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. படுத்துச் செய்பவை, நின்று செய்பவை, கயிற்றைப் பற்றிச் செய்பவை என்று அசைவு மிகுந்த பயிற்சிகள். சுவீடன்காரரின் ட்றில் இந்தியப் பாடசாலைகளுக்குள் நுழையுமுன்னர் எழுதப்பட்டது. மைசூர் அரண்மனையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'ஸ்ரீதத்துவநிதி'யில் படங்களுடன் உள்ள 122 ஆசனங்களுக்கும் இந்நூலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆகவே எல்லாமே வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது என்று சொல்வதும் தவறு. 2019 இல் இந்த நூலைப் பற்றிப் பேர்ச்சுடன் சேர்ந்து ஆய்வுக்கட்டுரை எழுதியவர் வேறு யாருமல்ல, சிங்கிள்ரனேதான். தமது வாதத்தைத் திருத்தக்கூடிய சான்றைத் தாமே முன்னின்று வெளிக்கொணர்ந்த அந்த நேர்மையை நமது அரசியல் கட்டுரையாளர்களிடம் நான் அதிகம் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைசூருக்கு அரண்மனை இருந்தது. அரண்மனைக்கு ஆவணங்கள் இருந்தன. ஔந்த் அரசர் நூல் எழுதினார். பக்குக்கு ஒரு கல்லூரியும் சஞ்சிகையும் இருந்தன. அதனால்தான் ஆய்வாளர்கள் வாதாட முடிகிறது. யாழ்ப்பாணத்துக்கு என்ன இருக்கிறது? 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் 2.03 மீற்றர் எல்லாப் புத்தகங்களிலும் உள்ளது. அவர் காலத்து நூற்றுக்கணக்கான பாடசாலைகளில் மண்ணைக் கிளறிப் பாய்தற்குழி வெட்டியவர்கள், எந்த முறையில் எதைப் படிப்பித்தார்கள் என்பது எங்கே உள்ளது?

ஓரிடத்தில் இருந்தது. அதைத் தொலைத்தவன் நான்.

1994 இல், பட்டப்படிப்பு முடித்து யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பொருளாதாரத் தடைக் காலம். பத்திரிகைக் கடதாசி இல்லாமல் கோடுபோட்ட கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அச்சிட்ட நாட்கள். ஒரு பின்னேரம் மாஸ்டர் சைக்கிளில் வந்தார். ஓய்வுபெற்று ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பையிலிருந்து நான்கு சி.ஆர். கொப்பிகளை எடுத்து வைத்தார். முதலாவதன் அட்டையில் 'யாழ்ப்பாணத்தில் உடற்பயிற்சி' என்று எழுதியிருந்தது.

"தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுப் பாரும். போடக்கூடியதெண்டால் போடும். இல்லாட்டில் ஆராவது படிச்ச ஆக்களிட்டக் குடும்."

"ஓம் சேர், பாக்கிறன்" என்றேன். 'சேர்' என்று அவரை அழைத்தது அன்றுதான் முதல் தடவை.

அவர் போன பிறகு தேநீர் குடித்துக்கொண்டே சில பக்கங்களைப் புரட்டினேன். சைதாப்பேட்டையில் தன்னோடும் தனக்கு முன்னரும் படித்த எங்கள் ஊரவர்களின் பட்டியல், ஆண்டு வாரியாக. குருநகரில் வாங்கிய பழைய மீன்வலையை வெட்டிக் கரப்பந்தாட்ட வலை கட்டிய விதம். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் நடந்த இரவுப் போட்டிகள். பிறகு கிளித்தட்டு. ஊர் ஊராகப் போய்க் கயிறு பிடித்து அளந்திருக்கிறார். எந்த ஊரில் எத்தனை தட்டு, ஒவ்வொரு தட்டும் எத்தனை அடி, கிளி எந்தக் கோட்டில் ஓடும் என்று கட்டம் கீறி எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊர் பற்றி எரிகிறது, இவர் கிளித்தட்டுக்கு அளவு எடுக்கிறார் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. கொப்பிகளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. நான் எடுத்துச் சென்றவை இரண்டு சாரம், ஒரு சேட், பட்டச் சான்றிதழ். லாச்சி என் நினைவிலேயே வரவில்லை. மறுவருடம் திரும்பிப்போனவர்கள் அந்தக் கட்டடத்தில் மேசைகளே இல்லை என்றார்கள். 1981 இல் எங்கள் நூலகம் எரிந்ததைப் பற்றி நான் எத்தனையோ தடவை கோபத்தோடு எழுதியிருக்கிறேன். இந்த நான்கு கொப்பிகளைப் பற்றி எழுதுவது இதுவே முதல் தடவை.

2002 இல், சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்த பின்னர், வவுனியாவில் மாஸ்டரைக் கண்டேன். மகள் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். எழுபத்து நான்கு வயது. முதுகு அப்போதும் நேராக இருந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வயிற்றில் பார்வை நின்றது.

"தம்பி, நடக்கிறனீரோ?"

"இல்லை சேர். நேரமில்லை."

"விடிய நாலு மணிக்கு என்ன வேலை உமக்கு?"

கொப்பிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் காலமானார்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஓர் அளவுநாடாவும் ஒரு சி.ஆர். கொப்பியும் வாங்கிக்கொண்டு போனேன். எழுபது, எண்பது வயதானவர்களைத் தேடிப் பிடித்துக் கிளித்தட்டுக் கோடு கீறிக் காட்டச் சொன்னேன். ஒரே ஊரில் இரண்டு முதியவர்கள் தட்டின் எண்ணிக்கையில் உடன்படவில்லை. ஒருவர் ஐந்து என்றார், மற்றவர் ஆறு என்று அடித்துச் சொன்னார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று ஊர்கள் முடிந்திருக்கின்றன.